வேலையில் பட்ட காயம்

கலியாண வீடுகளில் யாராவது என்னைக் காட்டி, "இவர்தான் அமெரிக்காவில பேஸ்போல் விளையாடினவர்" என்பார்கள். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "பிறகேன் விட்டனீர்?" தோள் போய்விட்டது என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவேன். எப்படிப் போனது என்று மட்டும் கேட்டுவிடாதே, தயவுசெய்து சாப்பிட விடு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன்.

நான் பிட்சர். மேட்டில் நின்று மட்டைக்காரனுக்குப் பந்து எறிகிறவன். ஐந்து வருடம் அதுதான் என் வேலை. எங்கள் குடும்பம் குடியேறிய மல்வேர்னில் சனம் என்னைத் தொலைக்காட்சியில் தேடிக்கொண்டிருந்தபோது, நான் பெயர் தெரியாத அமெரிக்க ஊர்களுக்கு நடுவே பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பெரிய லீக்குக்குக் கீழே படிகள் பல. ஒவ்வொரு படியிலும் என்னைவிட வேகமாக எறிகிற இருபது பேர் நிற்பார்கள். ஐந்தாவது கோடையில், பருவத்தின் நடுவே நாலு நாள் லீவு விட்டபோது, மனேஜர் என்னைக் கூப்பிட்டார். திரும்பி வந்ததும் இரண்டு ஆட்டம் ஒழுங்காக எறிந்தால், பெரிய லீக்குக்கு நேர் கீழ்ப் படிக்கு அனுப்புவதாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்தால் அந்த ஞாயிறு கோயிலில் தேர். அம்மா விடுவாவா?

"உன்னை பேஸ்போல் ரீமில எடுத்தால் பிரதட்டை அடிப்பாய் எண்டு நேர்ந்தனான். அஞ்சு வருசமாய் ஒரு தேருக்கும் நீ இங்க நிக்கேல்லை. நேர்த்தி அப்பிடியே கிடக்கு ராசா."

"அம்மா, என்ர தோளுக்குத்தான் அவங்கள் சம்பளம் தாறாங்கள்."

"அந்தத் தோளை ஆர் தந்தது? முருகன்தானே."

இதற்கு மேல் என்ன கதைக்கிறது? அம்மாவை மட்டும் குறை சொன்னால் அது பொய். எனக்கும் பயம் இருந்தது. இரண்டு ஆட்டம்தான் மிச்சம் என்று இருக்கும்போது சாமியைக் கோபப்படுத்த எவனுக்குத் துணிவு வரும்? வேட்டியை இறுக்கிக் கட்டி, தலைக்கு மேலே நீட்டிய கைகளில் தேங்காயைப் பிடித்துக்கொண்டு, தேருக்குப் பின்னால் உருண்டேன். கோயிலைச் சுற்றிக் கார் நிறுத்துகிற தார்த்தரை. வெயிலுக்குத் தண்ணீர் அடித்து விட்டிருந்தார்கள். இரண்டாவது மூலையில் வடிகால் மூடியின் விளிம்பில் வலது தோள் இடித்தது. உள்ளே ஏதோ சுண்டியது. மத்தியானம் சீப்பெடுத்துத் தலை இழுக்கக் கை உயரவில்லை.

அணியின் வைத்திய உதவியாளருக்கு அடிக்கப் போனை எடுத்தேன். அப்பா அதைப் பறித்து மேசையில் வைத்தார்.

"விசரே உனக்கு? கோயில்ல உருண்டு தோளை நோவாக்கிப்போட்டன் எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொல்லப்போறியோ? அண்டைக்கே வீட்டை போ எண்டுவான்."

"அப்ப என்ன செய்யிறது?"

"வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. முதல் பந்தை எறி. எறிஞ்ச கையோட தோளைப் பிடிச்சுக்கொண்டு கத்து. பிறகு அது வேலையில பட்ட காயம். அவங்கள்தான் வைத்தியம் பாக்கவேணும்."

அப்பா வாகனப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் பெட்டி தூக்கியவர். ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆளாக இருந்த காலத்தில், ஒரு ஞாயிறு வாசலில் பனி வழிக்கும்போது விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய், முதல் பெட்டியைத் தூக்கும்போது "ஐயோ" என்று கத்தினார். வேலை தப்பியது, நாங்களும் தப்பினோம். வீட்டில் பட்ட நோவை வீட்டில் பட்டது என்றே சொன்னவனுக்கு அடுத்த கிழமை ஷிஃப்ட் கிடைக்காது என்பது அவர் கண்ணால் கண்டது. பேஸ்போலும் அவருக்கு ஒரு ஷிஃப்ட்தான். அதில் பிழை ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழாவது சுற்றில் என்னை எறியக் கூப்பிட்டார்கள். நோவுக்கு மாத்திரை போட்டிருந்தேன். மேட்டில் ஏறும்போதே கத்துவதற்கு வாயைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். முதல் பந்தை எறிந்தேன். தோள் நெருப்பாக எரிந்தது. ஆனால் அந்தப் பந்து எப்படிப் போனது தெரியுமா? மட்டைக்காரன் அசையவே இல்லை. சரியான பந்து என்று நடுவர் கையை உயர்த்தினார். மனேஜர் பக்கத்தில் ஒருவர் குனிந்து எதையோ எழுதுவதைப் பார்த்தேன்.

அப்போது கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை. இவ்வளவு நல்லாகப் போகிறதே, இன்னும் ஒன்று எறிவோம் என்று பேராசை பிடித்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதோடு ஒருவனை வெளியேற்றினேன். கூட்டம் கை தட்டியது. கடவுள் தோள் நோவை மாற்றிவிட்டார் என்றே நினைத்தேன், மடையன். ஐந்தாவது பந்தில் பழைய சீலை கிழிகிற மாதிரி உள்ளே கிழிந்தது. பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. கத்தினேன். நடிக்கவேண்டி வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா சொன்னபடியே எல்லாம் நடந்தது. சத்திரசிகிச்சையை அவர்களே செய்தார்கள், ஒரு வருடம் வைத்துப் பார்த்தார்கள். "நான் சொன்னன்தானே" என்று அப்பா போனில் சந்தோஷப்பட்டார். ஆனால் என் வேகம் திரும்பவில்லை. அடுத்த வருடம் ஒரு காலை மனேஜரின் அறைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒஷாவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் தோள் நோவு விடவில்லை. ஸ்காபரோவில் ஒரு தோள் வைத்தியரிடம் அப்பாதான் காரில் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தார். இனி இழக்க எதுவும் இல்லை என்பதால், முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். கோயில், வடிகால் மூடி, செவ்வாய்க்கிழமை, எல்லாம். எத்தனை பந்து என்று வைத்தியர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதலில் பட்டது வெறும் பிசகாகத்தான் இருந்திருக்கும், ஆறு கிழமை எறியாமல் விட்டிருந்தால் அநேகமாக மாறியிருக்கும் என்றார்.

முப்பது வருடம் தொழிற்சாலையில் இங்கிலிஷ் கேட்ட மனிதனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "சிக்ஸ் வீக்ஸ்?" என்று அப்பாவே அவரைத் திருப்பிக் கேட்டார். அவர் ஓம் என்று தலையாட்டினார். அப்பா தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

காரில் எனக்கு இரத்தம் கொதித்தது. "கேட்டியளே அப்பா?" என்றேன்.

"கேட்டனான். நான்தான் உன்னை அனுப்பினனான்."

அவர் சொன்னது ஒரு பந்து. ஒன்றோடு கத்தியிருந்தால் அணியே என்னை இருத்தி, அந்த ஆறு கிழமையையும் தந்திருக்கும். மிச்ச நாலையும் எறிந்தது நான். அப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அன்றைக்கு வேலையில் நின்றார். முதல் பந்திலேயே கிழிந்தது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே வீடு வரைக்கும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அப்பா எனக்கு ஒரு புத்தியும் சொல்வதில்லை. ரூஜ் பகுதியில் வீடு பார்த்தபோது வாங்கலாமோ என்று கேட்டேன். "உனக்குத் தெரியும்தானே தம்பி" என்றார். எல்லாவற்றுக்கும் தலையை நீட்டிக் கருத்துச் சொன்ன மனிதன். அம்மா அவருக்கு வயதாகிவிட்டது என்கிறா.

போன மாதம் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் இருந்து, "அப்பா, அண்டைக்கு நீங்கள் சொன்னது சரிதான்" என்று தொடங்கினேன்.

"உந்தக் கதையை இப்ப ஏன் கிளறுறாய்? விடு" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

நான் அவரைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.