“உங்க வீட்டுக்காரர் எங்கே பொறந்தார்?”

1991 கடைசியில் என் கணவர் போலீஸ் தேர்வில் ஓட்டம், கயிறு, எழுத்து எல்லாவற்றிலும் பாஸானார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் தூக்கம் போயிற்று. அடுத்தது போலீஸ் விசாரணை, வீட்டுக்கே ஆள் வரும் என்றார்கள்.

அவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் பெற்றோரோடு தாயகம் திரும்பி, மண்டபம் முகாமில் தங்கியவர். முன்னாள் பிரதமர் குண்டு வெடித்துக் கொல்லப்பட்ட அந்த வருடம் எங்கள் சேலையூரில் ‘சிலோன்’ என்றாலே வாடகைக்கு வீடு தரமாட்டார்கள். போலீஸ் வேலைக்கு இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டுமாம். அங்கே பிறந்தவர் பிரஜையா? பி.ஏ. படித்த எனக்கே தெரியவில்லை. அவரைக் கேட்டால் மனம் நோவாரோ என்று கேட்கவும் இல்லை.

பக்கத்து வீட்டு மேரி அக்கா, “மண்டபத்துல பொறந்தார்னு சொல்லிடேன்மா. கடல் தாண்டிப் போயா விசாரிக்கப் போறாங்க?” என்றார்.

அது பொய்யா, பாதி உண்மையா? யோசித்து யோசித்துக் குழம்பினேன். “ஆண்டவரே, அவர் வீட்டில் இருக்கும்போது ஆள் வரட்டும். என்னை ஒன்றும் கேட்க வேண்டாம்” என்று ஜெபித்தேன்.

அவர் மறைமலை நகர் கம்பெனிக்கு ஷிப்ட் போயிருந்த நேரத்தில்தான் ஏட்டையா வந்தார். குழந்தை இடுப்பில் அழுகிறாள்.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எங்கே பொறந்தார்?”

மண்டபம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளுக்குள் ‘இயேசப்பா’ என்று கூப்பிட்டேன். “சிலோன், சார்” என்று வந்துவிட்டது. கூடவே அழுகையும்.

“குழந்தைதான் அழுதுன்னு பார்த்தா நீயுமா?” என்று சிரித்தார். “அவரே மனுவில அப்படித்தான்மா எழுதியிருக்கார். குடியுரிமை பதிவு பண்ண சர்டிபிகேட்டும் வெச்சிருக்கார். பதிவு பண்ணவரும் பிரஜைதான், எங்க பொறந்தா இன்னா? நீ வேற ஊர் சொல்லியிருந்தா, முன்னுக்குப் பின் முரண்னு நான் எழுதணும். அப்புறம் வேலைக்கே பேஜாராயிருக்கும்.”

மறு மாதம் பயிற்சிக்கு உத்தரவு வந்தது. நடந்ததை அவரிடம் சொன்னேன். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். இப்போதெல்லாம் கேட்கிறேன். மாமியார் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்வதையும் குழந்தையோடு உட்கார்ந்து கேட்கிறேன்.

நான் ஜெபித்தபடி கர்த்தர் ஒன்றும் செய்யவில்லை. என் கணவர் இல்லாத நேரத்தில் ஆளை அனுப்பினார், என்னையே கேட்க வைத்தார். அது ஏன் என்று இன்னும் வியந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கூப்பிட்டபோது கூட இருந்தார்.

என்னைப்போல் பயப்படுகிற சகோதரிகளே, பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். பயத்தோடே கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.