தொடாதே சார் தொட்டது

மருந்து விநியோகக் கம்பெனி ஒன்றின் தகவல் தொழில்நுட்பத் துறைக்குத் தலைவராவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இவருடைய வாழ்க்கை நல்ல வழிகாட்டி. முதலில் மேசைக்கு அடியில் தவழ்ந்து கேபிள் மாட்ட வேண்டும். பிறகு கேபிள் மாட்டுகிறவர்களை மேய்க்க வேண்டும். அதற்கும் பிறகு, மேய்க்கிறவர்களை உட்காரவைத்துத் திரையில் படம் காட்டிப் பேச வேண்டும். இந்தக் கடைசிப் படியில் அவருக்குப் பாதி வழுக்கையும், கண்ணாடிச் சுவர் வைத்த அறையும், கம்பெனியின் எந்தக் கணினியையும் திறக்கும் பாஸ்வேர்டும் சேர்ந்தே வந்தன.

முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘தொடாதே சார்’. தெரியாத மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாதே என்று லிஃப்ட்டிலும் கழிப்பறைக் கண்ணாடியிலும் ஒட்டிவைத்த மகான் அவர். அதோடு விட்டாரா? மாதம் ஒருமுறை அவர் துறையே ஒரு பொய் மெயில் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பும். ஏமாந்து தொட்டவரின் பெயர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். கணக்குப் பிரிவு அக்கா ‘உங்கள் பார்சல் காத்திருக்கிறது’ என்பதைத் தொட்டுவிட்டு, அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு மகள் அனுப்பும் மெயிலைக்கூட அவர் திறப்பதில்லை என்று கேள்வி. இதைத் தன் சாதனைகளில் ஒன்றாகச் சார் குறித்துவைத்திருந்தார்.

ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவர் வீட்டில் பின்கதவுத் தாழ்ப்பாள் வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருக்கிறது என்பது அவர் மனைவியின் புகார். பெரிய மனிதர்களின் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபோது அவருக்கே ஒரு மெயில் வந்தது. ‘உயர் அதிகாரிகளுக்கான புதிய கார் நிறுத்துமிடம். உங்கள் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.’ தன் துறையின் இந்த மாதச் சோதனை என்று பார்த்தவுடன் கண்டுகொண்டார். நம்ம பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று பூரித்தார். வேலைப்பாட்டை அருகில் பார்ப்பதற்காகத் தொட்டார். நிழலான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தார். ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. திரை ஒருமுறை சிமிட்டி அடங்கியது.

பாராட்டுவதற்காகத் தன் துறையின் துணைத் தலைவியைப் போனில் கூப்பிட்டார்.

“பார்க்கிங் மெயில் பிரமாதம்மா. இந்தத் தடவை பாதிப் பேர் விழுந்துடுவாங்க.”

“எந்த மெயில் சார்? இந்த மாசத்துக்கு நாங்க இன்னும் அனுப்பவே இல்லையே. நீங்க தொடலையே?”

“நானா? என்னம்மா கேள்வி இது.”

போனை வைத்துவிட்டு அந்த மெயிலை இன்னொரு முறை பார்த்தார்.

சிறிது நேரத்தில் கிடங்கிலிருந்து ஆர்டர் கோப்புகள் திறக்கவில்லை என்று தகவல் வந்தது. அடுத்து பில் போடும் பிரிவு. துணைத் தலைவி மடிக்கணினியும் கையுமாக ஓடி வந்தாள். எவனோ ஒருவன் ஏதோ ஒரு மெஷின் வழியாக உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகிறான், அந்த மெஷின் எது என்று தெரிந்தால் அதன் இணைப்பை மட்டும் வெட்டிவிடலாம், தெரியாவிட்டால் மொத்தத்தையும் அணைக்க வேண்டியதுதான் என்றாள். அணைத்தால் சாயங்காலம் ஒரு லாரியும் கிளம்பாது. இன்சுலின் கிடங்கிலேயே குளிர்ந்துகொண்டிருக்கும். காலையில் மருந்துக்கடைகள் நோயாளிகளை வெறுங்கையோடு அனுப்பும்.

“யாரோ தொட்டிருக்காங்க சார். யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

சாருடையது கூட்டங்களில் பழுத்த நாக்கு. அவரைக் கேட்காமலே பேசியது. “கணக்குப் பிரிவுல பாருங்க.”

எல்லோரும் கணக்குப் பிரிவுக்கு ஓடினார்கள். அக்காவுடைய கணினியின் கேபிளைப் பிடுங்கினார்கள். அக்கா எழுந்து நின்றார். அவருக்கு இது பழகிப்போயிருந்தது.

“நான் எதையும் தொடலை சார்.”

மடிக்கணினியில் இன்னொரு பிரிவு சிவப்பானது. அதற்குள் கிடங்கு மேஸ்திரி போனில் வந்துவிட்டார். லோடு பாதியில் நிற்கிறது, ஏற்றவா இறக்கவா என்று கத்தினார். துணைத் தலைவி சாரைப் பார்த்தாள். அணைக்க அவர் உத்தரவு வேண்டும். ‘ஆய்வு செய்து அறிக்கை தருக’ என்பதைத் தவிர வேறு உத்தரவு போட்டு அவருக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கண்ணாடி அறை, நாற்காலி, மேலிடத்தின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“என் மெஷின்தான்,” என்றார் சார். “பாஸ்வேர்டும் கொடுத்துட்டேன்.”

“எது சார்? எல்லாத்தையும் திறக்கிறதா?”

தலையாட்டினார். அவள் திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. கூடவே ஓட முயன்றவரிடம், “நீங்க எதையும் தொடாதீங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பறந்தாள்.

“அப்ப என் ஒயரை யாரு மாட்டறது?” என்றார் அக்கா.

துறைத் தலைவர் அக்காவின் மேசைக்கு அடியில் குனிந்தார். அங்கிருந்தே மன்னிப்பும் கேட்டார்.

“திங்கட்கிழமை கூட்டத்துல சொல்லுங்க சார். எனக்குக் காது அங்கதான் நல்லா கேக்கும்.”

லாரிகள் தாமதமாகத்தான் கிளம்பின, ஆனால் கிளம்பின. மேலிடம் அவரைக் கூப்பிட்டு, துறைத் தலைவரே தொட்டார் என்றால் கம்பெனிக்குத்தான் கேவலம், கணக்குப் பிரிவில் யாரோ என்று எழுதி முடித்துவிடும்படி பெருந்தன்மையோடு யோசனை சொன்னது. மறுத்தால் நாற்காலியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்பதையும் அதே பெருந்தன்மையோடு தெரிவித்தது.

திங்கட்கிழமை மேலிடம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது. சார் எழுந்து, மற்றவர்களின் பெயரை எந்தக் குரலில் வாசிப்பாரோ அதே குரலில் தன் பெயரை வாசித்தார். அவசரமாக உட்காரப் போனார்.

“எந்த மெயில்னு வாசிக்கலையே சார்,” என்றார் பின்வரிசையிலிருந்து அக்கா. “எனக்கு வாசிச்சீங்களே.”

சார் மேலிடத்தைப் பார்த்தார். மேலிடம் கூரையைப் பார்த்தது. சார் நிழலான இடம் உட்பட எல்லாவற்றையும் வாசித்தார்.