எஞ்சினுக்கு ஊட்டின சர்க்கரைப் பொங்கல்

இன்னிக்குக் காலைல அம்பத்தூர்ல என் பட்டறைக்கு ஒரு பழைய ரெண்டு சீட்டு ரேஸ் காரை மாடு கட்டி இழுத்துகினு வந்தாங்க.

"பாடி ஊரைத் தாண்டினதும் ஆயில் பிரஷர் முள்ளு திடீர்னு பூஜ்யத்துக்கு எறங்கிச்சு அண்ணாத்தே"ன்னாரு டிரைவர். "அப்படியே ஓட்டினேன், தடதடன்னு நின்னுடுச்சு."

ஆயில் அளவு சரியாத்தான் கீது. முள்ளுக்குப் போற குழாயைக் கழட்டி எஞ்சினைச் சுத்தினா, ஒரு சொட்டு வரல. அடித்தொட்டிய எறக்கினேன். பம்பு சல்லடைய அடைச்சிகினு, மூக்கைப் பொத்த வைக்கற நாத்தத்தோட சர்க்கரைப் பொங்கல். நடுவுல முழு முந்திரி.

"இன்னா நைனா இது?"

"ஆயில் ஊத்தற வாய்னு நீதானே சொன்ன? நேத்து ஆயுத பூஜையாச்சே, அந்த வாய்க்கும் ஒரு உருண்டை ஊட்டினேன்."

ஆயில் ஏறாம ஓடி பேரிங் போச்சு. இந்த உலகச் சண்டை முடியற வரைக்கும் சீமையிலேர்ந்து வேற வராது. அதைச் சொன்னா, "நெய் கம்மியா பூட்ச்சோ?"ன்றாரு.

உங்க வண்டிக்கு நீங்க இன்னா ஊட்டினீங்க? இப்பவே சொல்லிடுங்க, மூக்கக் கட்டிகினு தொறக்கறேன்.