ரேகை அண்ணன் போட்ட துண்டு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் வண்டி நிற்பதற்குள்ளேயே ஜன்னல் வழியாகத் துண்டோ பையோ சீட்டில் விழுந்துவிட வேண்டும். படாளத்திலிருந்து தினம் வந்து மாறி ஏறும் நான் இதில் கில்லாடி. டிபன் பாக்ஸோடு பையை வீசியும் இதுவரை குழம்பு சிந்தியதில்லை. கடற்கரைச் சாலை ஆபீசில் சேர்ந்தபோது, அங்கேயும் இதே வித்தைதான் நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

நாங்கள் செய்வது முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவுப் பூட்டு. கேமராவையும், பூட்டுக்குள் எல்லாவற்றையும் மேய்க்கும் மைய நிரலான கெர்னலையும் பேசவைக்கும் டிரைவர் நிரல் என்னுடையது. ஆறு மாத புரொபேஷன் அந்த வாரப் புதன்கிழமையோடு முடிகிறது. அன்று மதியம் மூன்று மணிக்கு, வாடிக்கையாளர் எதிரில் பூட்டு என் முகத்துக்குத் திறந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுநாள் காலை நான் படாளத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

முகப்படம் பாதுகாப்பு மெமரியில்தான் இறங்க வேண்டும். மெமரியில் தனியே பூட்டிவைத்த சின்ன இடம் அது. அனுமதி பெற்ற கருவிகள் மட்டும் தொடலாம். கெர்னல்கூட எட்டிப்பார்க்க முடியாது. திங்கட்கிழமை என் டிரைவர் அதில் இடம் கேட்டது. மெமரி இல்லை என்று பதில் வந்தது.

பட்டியலைப் பார்த்தேன். எங்கள் டீம் வழக்கப்படி, பூட்டின் சர்க்யூட் போர்டு கண் விழிக்கும்போதே ஒவ்வொரு டிரைவரும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருந்தது. எல்லாவற்றிலும் பெரியது கைரேகை டிரைவருடையது. ரேகை சென்சாரையே போர்டிலிருந்து எடுத்தாகிவிட்டது, நான் சேருவதற்கும் முன்னால்.

அதை எழுதிய ரேகை அண்ணன் செய்யூர்க்காரர், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர்.

"அண்ணா, சென்சாரே இல்லையே. அந்த எடத்த விட்டுக் குடுங்களேன்."

"இல்லன்னா இன்னா? நாளைக்கே திரும்ப வெச்சான்னா, எடம் நீ குடுப்பியா?"

"சும்மாதானே கெடக்குது?"

"சும்மா கீதுன்னு உனுக்கு எப்டித் தெரியும்? உள்ள எட்டிப் பார்த்தியா?"

பார்க்க முடியாது. அதுதானே பாதுகாப்பு.

டீம் லீடர் மேடம் மீட்டிங் போட்டார். ஒரு மணி நேரம் பேசி, அவரவர் இடத்துக்கு அவரவர் காரணம் எழுதித் தருவது என்று முடிவானது. எல்லாரும் ஒரே காரணத்தை எழுதினார்கள்: 'பாதுகாப்பு கருதி வெளியில் சொல்ல இயலாது.'

செவ்வாய்க்கிழமை எனக்கு ரத்தம் கொதித்தது. உட்காராத சீட்டில் துண்டு போடுவது அநியாயம் என்று மொத்த டீமுக்கும் மெயில் தட்டி, பட்டியலையும் இணைத்தேன். பத்தே நிமிஷத்தில் மேடம் என் மேஜைக்கு வந்தார்.

"லிஸ்ட்ல ரேகைக்கு அடுத்ததா கீழ இருக்கே, கேமரா டெஸ்ட், அது யாருதுப்பா?"

என்னுடையது. சேர்ந்த முதல் வாரம், பழகுவதற்காக ரேகை அண்ணனின் ஃபைலை அப்படியே காப்பியடித்து எழுதியது. அவர் அப்போது கேட்டிருந்த அளவையும் சேர்த்துக் காப்பியடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு மறந்தே போய்விட்டேன்.

உடனே அதை நீக்கினேன். நீக்கியதோடு நின்றிருக்கலாம். 'நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், நீங்கள்?' என்று இன்னொரு மெயிலும் போட்டேன். புதன்கிழமை காலை ஓடவிட்டால், மறுபடி மெமரி இல்லை. நான் விட்ட அளவுக்கே ரேகை டிரைவர் பருத்திருந்தது.

"அண்ணா!"

"காலியா கீதுன்னு நீதானப்பா மெயில் போட்ட. புடிச்சிட்டேன்."

மணி பதினொன்று. ரோஷமெல்லாம் இறங்கிப்போய், "வேலை போயிடும்ணா" என்றேன்.

அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். "விட மாட்டேன். துண்டு என்னுதாவே இருக்கட்டும். நீ ஒக்காந்துக்கோ."

பகிர்வு மெமரி என்று பாடத்தில் படித்தது இதைத்தான். இடத்தைப் பிடித்தவர் அதன் கைப்பிடியை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கடைசி ஆள் கையை எடுக்கும்வரை இடம் கலையாது. மேடம் அனுமதிப் பட்டியலில் கேமராவைச் சேர்த்தார். நான் இருபது வரி எழுதினேன்.

மூன்று மணிக்குப் பூட்டு என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, திறந்தது. வாடிக்கையாளர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"முகம் ஏன் ரேகை இடத்துல இருக்கு?"

மேடம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பாதுகாப்பு கருதி வெளியில சொல்ல முடியாது சார்."

வாடிக்கையாளர் மரியாதையோடு தலையாட்டினார்.

வேலை நிரந்தரமாயிற்று. மறுநாள் ரேகை அண்ணன் இன்னும் கொஞ்சம் இடம் கேட்டு எழுதியிருந்தார். இந்த முறை காரணம் உண்மையானது: 'கேமரா டிரைவர் உபயோகித்துக்கொண்டிருக்கிறது.' சாட்சிக் கையெழுத்து என்னுடையது.