மரத் துப்பாக்கியில் ஒரு குங்குமப் பொட்டு

பழைய ஒளிநாடாக்களைச் சுத்தம் செய்து புதிய வடிவத்துக்கு மாற்றுவது என் வேலை. கீறல், நிறமங்கல், இரைச்சல், படப்பிடிப்பில் நேர்ந்த பிழை என்று வகைப்படுத்திக்கொண்டுதான் எதையும் பார்ப்பேன். சென்ற மாதம் என் மேஜைக்கு வந்தது, நான் பிறப்பதற்கு முன்பு ஊரையே சிரிக்கவைத்த ஒரு போர்க்காலத் தொலைக்காட்சித் தொடர். பர்மாக் காட்டில் வழிதவறிய வெள்ளைக்காரப் படைப்பிரிவின் கதை. வித்துராவுக்கு மேலே மலையில் எடுத்தார்கள். கையெறி குண்டுகள் கறுப்புச் சாயம் பூசிய தென்னங்குரும்பைகள், வயர்லெஸ் பெட்டி பிஸ்கட் டின், துப்பாக்கிகள் மரம். அசல் ஒன்றே ஒன்றுதான்: அதிகாரியின் கழுத்தில் தொங்கும் பித்தளை பைனாகுலர். யாரிடமோ இரவல் வாங்கியது.

இவையெல்லாம் அப்பாவின் பொறுப்பில் இருந்தன. மஞ்சள் காமாலை வந்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாளே நகரத்தில் வலியசாலையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்வார். அவர் கிளம்பிய அன்றே பைனாகுலரும் காணாமல் போனது என்றார்கள். மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. தொடர் மறுஒளிபரப்பாகும்போதெல்லாம் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எடுக்காதவர் ஏன் எழுந்து போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பரண்மேலிருந்த டிரங்குப் பெட்டியை ஒருநாள் திறந்தும் பார்த்தேன். வேட்டிகளும் பாச்சை உருண்டையும்தான். விற்றிருக்கலாமே என்றது மனம்.

ஒரு நாடாவில் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக் கட்டையிலும் சந்தனம், நடுவே குங்குமம். வெள்ளைக்காரப் படையின் துப்பாக்கிகள் பூஜை முடிந்து அப்படியே வந்திருந்தன. அந்தப் பொட்டுகளைப் படத்திலிருந்து அழித்துவிடும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். பொட்டைப் பெரிதாக்கியபோதுதான் பின்னால் நின்ற அதிகாரியைக் கவனித்தேன். கழுத்தில் பைனாகுலர் இருந்தது.

பூஜைக்குப் பிறகு எடுத்த காட்சி. அப்பா இல்லாத நாள். ஆனால் அவர் அன்று இல்லை என்பதும் அவர் சொல்லித்தானே தெரியும்?

வீட்டுக்கு வந்ததும், பைனாகுலரைப் பற்றி மூச்சுவிடாமல் லாப்டாப்பை அவர் முன் வைத்து, துப்பாக்கிகள் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் முகம் சுளித்தார்.

"பூஜை முடிஞ்சதும் ஈரத்துணியால நன்னாத் துடைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்தேன். ஒருத்தன் துடைக்கல பாரு. நாணக்கேடு."

அந்த எரிச்சலை நடிக்க முடியாது. அவர் அங்கே இருந்திருந்தால் பொட்டு இருந்திருக்காது.

"அப்பா, பின்னால நிக்கற அதிகாரியோட கழுத்தைப் பாருங்கோ."

திரைக்கு நெருக்கமாகக் குனிந்தார்.

"இந்தப் பொட்டைத் துடைச்சுடாதேடி," என்றார்.

துடைக்கமாட்டேன் என்றேன். பொட்டு இருக்கட்டும் என்று மேற்பார்வையாளருக்குக் காரணத்தோடு அங்கேயே செய்தி அனுப்பினேன். அப்பா அதைக் கவனிக்கவில்லை.

"மேல ஓட்டு. இதைக் கழட்டி யார் கையில கொடுக்கறான்னு பாக்கணும்."

ஓட்டினேன். காட்சி முடிந்ததும், கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், அந்த நடிகர் வாரைக் கழற்றிப் பக்கவாட்டில் நீட்டினார். திரைக்கு வெளியிலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. கை மட்டும்தான் தெரிந்தது.

அப்பா மறுபடி ஓட்டச் சொன்னார்.