நெருப்பு மணி அடிக்கும் வீடுகள்

அந்த ஊரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்கில், சோள வயல்களுக்கு நடுவே, ஒரு தெரு, ஒரு தானியக் களஞ்சியம், இரண்டு தேவாலயங்கள். ரயில் வந்ததால் உண்டான ஊர். ரயில் நின்ற பிறகும் கலையவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், எல்லைக்கு வடக்கே வோபர்னிலிருந்து மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில், அங்கே யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்பது எனக்குத் தெரியும். எங்கள் கொம்பனி சிற்றூர்களுக்குத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் செய்து விற்றது. பழைய எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் புதியதில் பதிவது என் வேலை.

ஊரில் பாதிப் பேருக்கு இரண்டில் தொடங்கும் எண், மீதிப் பேருக்கு ஏழில். காரணம் கேட்டேன். அங்கே தொலைபேசி அலுவலகத்தைத் தன் வீட்டு முன்னறையில் வைத்து நடத்திய ஒரு அம்மா போனில் சொன்னார். முதலில் கத்தோலிக்க விவசாயிகள் வேலிக் கம்பிகளின் வழியாக ஒரு லைன் இழுத்தார்களாம். புரட்டஸ்தாந்துக்காரரான லூதரன் சபையினர் அதில் சேராமல் தங்களுக்கு வேறொன்று இழுத்தார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர் போனில் பேச முடியாமல் பல வருடம் போனது. பிறகு இரண்டும் ஒன்றாயின, எண்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

"இப்ப சண்டை ஒண்டும் இல்லை, பிள்ளை. ஆனா நம்பரை மாத்த ஆரும் விடமாட்டினம்."

அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே பதிந்திருக்கிறது.

சிக்கல் வந்தது நெருப்பு எண்ணில். சம்பளத்துக்குத் தீயணைப்பவர்கள் அங்கே இல்லை, விவசாயிகளே தொண்டர்கள். பன்னிரண்டு வீடுகளின் சமையலறைச் சுவரில் அதற்கென்று தனிப் போன் இருந்தது. யாராவது நெருப்பு எண்ணை அழைத்தால் பன்னிரண்டும் ஒன்றாக அடிக்கும். எடுப்பவர் "எங்கே?" என்று கேட்டு, பக்கத்திலுள்ள பொத்தானை அமத்தினால் சைரன் ஊதும். வயலில் நிற்பவர்கள் அதைக் கேட்டுத் தீயணைப்பு வண்டிக்கு ஓடுவார்கள். பன்னிரண்டில் ஆறு வீடு கத்தோலிக்கருடையது, ஆறு லூதரன்.

எங்கள் புதிய எக்ஸ்சேஞ்ச் ஒரே நேரத்தில் பத்து வீட்டுக்குத்தான் அடிக்கும்.

"எந்த இரண்டை எடுப்பது என்று அவர்கள் சொல்லட்டும், நீ தலையிடாதே" என்றார் மனேஜர். அம்மாவிடம் சொன்னேன்.

"கத்தோலிக்கப் பக்கம் ஒண்டு, லூதரன் பக்கம் ஒண்டு," என்றார். "கூட்டம் வைக்கோணும்."

எங்கள் ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வேலை செய்தார். தினமும் கேட்பார்.

"என்ன, உம்மட ஊரில கூட்டம் முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை. இன்னும் இழுபடுது."

"ரெண்டு கோயில் உள்ள ஊரெண்டா உதுதான். எங்கட ஆக்களெண்டா இவ்வளவுக்குக் கேஸ் போட்டிருப்பினம்."

முடிவை அம்மாவே போனில் சொன்னார். எடுக்க வேண்டியது கத்தோலிக்கப் பக்கத்தில், வண்டியில் ஏற இயலாத ஒரு கிழவரின் வீடு. லூதரன் பக்கத்தில் அம்மாவின் வீடு. தொண்டராக இருந்தவர் அவருடைய கணவர், அவர் இறந்துவிட்டார்.

"ஆம்பிளை இல்லாத வீட்டில உது என்னத்துக்கு எண்டு கேட்டவை."

"பகலில மற்ற வீடுகளில ஆர் இருக்கிறது?"

"ஆம்பிளையள் வயலில. பொம்பிளையள் பக்கத்து ரவுணுக்கு வேலைக்குப் போயிடுவினம். போன முறை களஞ்சியத்துக்குப் பக்கத்தில எரியேக்க நான்தான் எடுத்தனான்."

"அதைக் கூட்டத்தில சொன்னீங்களோ?"

"சொன்னா, எனக்காகக் கேட்ட மாதிரி இருக்கும், பிள்ளை. நீ எடுத்துவிடு."

இரண்டு எண்களையும் எடுத்துவிட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் மாற்றும் நாளை ஊரே தெரிவு செய்திருந்தது: அறுவடைக் காலத்தில் ஒரு முற்பகல். எல்லோரும் வெளியே நிற்பார்கள், மாற்றி முடியும்வரை போன் இல்லாதது ஒருவருக்கும் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. காய்ந்த சோளத்தில் இயந்திரச் சூடு பட்டு நெருப்புப் பிடிக்கும் காலமும் அதுதான்.

எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் எங்கள் தொழில்நுட்பர் நின்றார். எதற்கும் பக்கத்துக்கு ஒருவர் வரும் ஊர் என்பதால், தொண்டர் தலைவரான லூதரன்காரரும் கத்தோலிக்கர் ஒருவரும் அவரோடு நின்றார்கள். அங்கிருந்த ஒலிபெருக்கியில் மார்க்கத்திலிருந்து நான். வீட்டு லைன்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. கடைசிச் சோதனையாக நெருப்பு எண்ணை அழைத்தேன்.

மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

"அடிக்குதோ?" என்றார் தலைவர்.

"பத்து வீட்டிலயும் அடிக்குது."

"அப்ப லைனில பிழையோ?"

"லைன் சரி. வீடுகளில ஆள் இல்லை."

மனேஜர் பின்னால் வந்து நின்று, நிறுத்தும்படி கை காட்டினார். அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடும், அடிக்கட்டும்" என்றார் தமிழில். நான் விட்டேன். அந்தச் சிறிய கட்டடத்தில் நின்ற மூன்று பேரும் மணி தொடர்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ர மனுசியும் வேலைக்குப் போட்டா," என்றார் தலைவர் கடைசியில். "என்ர வீட்டை எடுத்துப்போட்டு அந்த அம்மாவின்ரயைப் போடு."

கத்தோலிக்கரும் சொன்னார்: "எங்கட பக்கத்தில என்ரயை எடு. கிழவனுக்குக் குடு."

நான் மனேஜரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். மணியை நிறுத்தி, இரண்டு எண்களை எடுத்து, இரண்டைச் சேர்த்தேன். என் விரல்கள் பிழைவிடவில்லை. ஆனாலும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தேன். அம்மா வீட்டிலும் கிழவர் வீட்டிலும் அந்தப் போன் இன்னும் சுவரில்தான் இருந்தது. கழற்ற ஒருவரும் போயிருக்கவில்லை.

மறுபடி அழைத்தேன். இரண்டாவது மணி முடியவில்லை.

"எங்கே?" அம்மாவின் குரல், நான் அறியாத ஒரு கடினத்தோடு. அதன் மேலேயே ஒரு முதிய குரல்: "எங்கே நெருப்பு?"

"ஒரு இடமும் இல்லை," என்றேன். "இது சோதனை."

"பொத்தானில கை வைச்சிட்டன்," என்றார் அம்மா. "கையை எடுக்கிறன்."

"நான் அமத்திப்போட்டன்," என்றார் கிழவர்.

ஒலிபெருக்கிக்குள் சைரன் எழுந்தது. வயல்களிலிருந்து ஓடிவரப்போகும் தொண்டர்களை மறிக்கத் தலைவர் வெளியே ஓடும் சத்தம் கேட்டது.