நீலத்தலைக் குண்டூசி

என் பெண்டாட்டி சுடலைச்செல்வி தையல் மெஷினுக்கு முன்னால் தவிர வேறு எங்கேயும் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாண மேடையிலேயே மூன்று தடவை எழுந்தவள். மாலை முறுக்கிக்கொண்டது என்று ஒரு தடவை, விளக்குத் திரி அணையப் போகிறது என்று ஒரு தடவை. மூன்றாவது தடவை எதற்கு எழுந்தாள் என்று தாலி எடுத்துக் கொடுத்த பெரியவருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

பிறந்தது புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஆட்டுக்குப் பின்னாலேயே நடந்து வளர்ந்த கால் அது. மழை பெய்தால்தான் அங்கே மேய்ச்சல். இல்லையென்றால் ஆடு எங்கே போகிறதோ அங்கே இவளும் போக வேண்டியதுதான். பத்தாவது முடித்த கையோடு புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். நாங்கள் எட்டயபுரத்தில் குடியிருக்கிறோம். நான் கோவில்பட்டியில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், பெயர் இசக்கிபாண்டி. காலையில் நான் ஒரு பக்கம் கிளம்புவேன், அவள் எதிர்ப்பக்கம் பஸ் ஏறுவாள். ஒரே மகள் செண்பகவல்லி. ஐந்து வயது. செண்பா என்று கூப்பிடுவோம்.

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கியது இந்த வினை. இந்தத் தடவை அவள் கம்பெனியில் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு மயில்கழுத்து நிறத்தில், வலை மாதிரியான நெட்டுத் துணியில் ஃபிராக் தைத்தார்கள். இடுப்பில், முதுகுப் பக்கம், ஒரு பெரிய ரிப்பன் பூ. அந்தப் பூவைக் குண்டூசியால் குத்தி நிறுத்திவிட்டுத் தைக்க வேண்டும். தைத்ததும் ஊசியை உருவி, மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஸ்பாஞ்சில் திரும்பக் குத்திவிட வேண்டும். பிள்ளைகள் போடுகிற துணி இல்லையா, அதனால் இதில் ரொம்பக் கண்டிப்பு. ஆளுக்கு ஒரு நிறத்தில் தலை வைத்த ஊசி கொடுத்திருப்பார்கள். யார் விட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். இவளுக்கு நீலம். அன்றைக்கு வேலை முடிந்து பார்த்தால் ஸ்பாஞ்சில் ஓர் இடம் காலி.

தரையெல்லாம் காந்தம் போட்டு இழுத்திருக்கிறாள். கட்டிங் மாஸ்டர் கிருஷ்ணராஜ் அண்ணாச்சியும் பாவம், கூடவே குனிந்து தேடியிருக்கிறார்.

"போட்டும் செல்வி. எங்கயாவது உருண்டு கெடக்கும். சரக்கு வண்டி அப்பவே கெளம்பியாச்சு."

"தரையில கெடந்தா காந்தத்துல ஒட்டியிருக்கும்லா அண்ணாச்சி? சட்டைக்குள்ளதான் போயிருக்கு."

அவ்வளவுதான். அன்றைக்குப் போன தூக்கம் அவளுக்குத் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் போகும்போது மயில்கழுத்து நிறம் கண்ணில் பட்டால் பாதி வழியில் இறங்கிவிடுவாள். கோவில்பட்டி மார்க்கெட்டில் யாரோ ஒருத்தர் இடுப்பில் இருந்த பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். சடங்கு வீட்டில், பந்தியில், எங்கே போனாலும் இவள் கண் பிள்ளைகளின் இடுப்பில்தான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஏட்டி, ஒரு குண்டூசிக்கா இந்தப் பாடு?"

"ஒங்களுக்கு அது ஊசி. ஏதோ ஒரு பச்சப்புள்ள அதப் புடுங்கி வாயில வச்சிருச்சுன்னா? எங் கைய வெட்டுனாலும் தீருமா?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கழுவப் போய்விட்டேன்.

அதே ஃபிராக்கில் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. ஓரத்தில் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டதால் கடைக்குப் போகாது என்று, அந்தச் சனிக்கிழமையே மாஸ்டர் செண்பாவுக்குக் கொடுத்துவிட்டார். தைத்ததும் இவள்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதன் ரிப்பன் பூவைத்தான் பிரித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. தீபாவளிக்குச் செண்பாவுக்குக் காய்ச்சல், அதனால் போடவில்லை. ஃபிராக் மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் போய்விட்டது.

இவளை இப்படியே விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எனக்குப் பயம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊர் சுற்றிக் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். செல்போனில் பார்த்து வைத்திருந்தேன். காலையில் அறிவியல் கண்காட்சிக்கூடம். அங்கே டைனோசர், கோணல் கண்ணாடி, நட்சத்திரம் காட்டும் இருட்டறை எல்லாம் உண்டாம். மத்தியானம் கல்வெட்டும் பழைய காசும் வைத்திருக்கும் அருங்காட்சியகம். சாயங்காலம் நெல்லையப்பர். கிளம்பும்போது அல்வா. மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பது மாதிரி அத்தனை யோசித்துப் போட்ட திட்டம் அது.

செண்பாவுக்கு அந்த ஃபிராக்கைத்தான் போட்டுவிட்டாள். கோவில்பட்டியில் ரயில் ஏறினோம். பிள்ளை சீட்டில் உட்காரவில்லை. எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், என் மடிக்கு வந்தாள், இறங்கினாள்.

"அம்மா, அரிக்குது."

"நெட்டுத் துணி மொதல்ல அப்படித்தான் அரிக்கும். ரெண்டு தடவ தொவச்சா சரியாப் போயிரும். கம்முனு உக்காரு."

பத்து வருஷமாக நெட்டுத் துணி தைக்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "எல்லாம் ஒன்னப் பாத்துப் பழகுதுட்டி. ஒனக்குத் தப்பாமப் பொறந்திருக்கு," என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

கண்காட்சிக்கூடத்து வாசலில் காவலாளி எங்கள் காலைப் பார்த்தார். முந்தின நாள் மழை. செருப்பில் கரிசல் அப்பிக் காய்ந்து கிடந்தது.

"கால நல்லாத் தட்டிட்டு வாங்க. கோவில்பட்டிப் பக்கமா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீய?"

"இந்த மண்ணு வேற எங்க அண்ணாச்சி இப்படி ஒட்டும்?"

உள்ளே போனால் நல்ல கூட்டம். கோணல் கண்ணாடிக்கு முன்னால் செண்பாவை நிறுத்தினேன். மற்ற பிள்ளைகள் தங்கள் குண்டு உருவத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கின்றன. இவள் ஒரு பார்வை பார்த்தாள், ஓடிவிட்டாள். சங்கிலியில் பெரிய குண்டு ஆடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இறக்கிவிடு என்று திமிறினாள். ஒரு பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிற மேஜை; அமுக்கினாள், எரிவதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். தோட்டத்தில் நிற்கும் டைனோசரையாவது பார்ப்பாள் என்று பார்த்தால், அதன் வாலைச் சுற்றி இரண்டு சுற்று ஓடிவிட்டு "வீட்டுக்குப் போவோம்ப்பா" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெரிய மனிதன் ஆசையாகப் பிள்ளைக்கு உலகத்தைக் காட்ட வந்தால், பிள்ளைக்கு வீட்டுக்குப் போக வேண்டுமாம்!

திரும்பிப் பார்த்தால் பெண்டாட்டியைக் காணோம்.

அவள் டைனோசருக்கு அந்தப் பக்கம் விறுவிறு என்று போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு குடும்பம். ஒரு பெண், கையில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையின் மேலே மயில்கழுத்து நிற நெட்டு ஃபிராக். போச்சு, இன்றைக்கு இந்த ஊர்சுற்றலும் போச்சு என்று செண்பாவை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தக் குடும்பம் கண்ணாடிக் கூடத்துக்குள் போனது, இவளும் போனாள். அவர்கள் மாடிப்படி ஏறினார்கள், இவளும் ஏறினாள். கடைசியில் நட்சத்திரம் காட்டும் இருட்டறைக்குள் எல்லோரும் நுழைந்தோம். விளக்கை அணைத்தார்கள். மேலே வானம் விரிந்தது. அழகாகத்தான் இருந்தது, பார்க்க விட்டால்தானே?

"யாரும்மா அது, உக்காருங்க! மறைக்குதுல்லா!"

யாரென்று எனக்குத் தெரியாதா? வரிசைக்கு நடுவே குனிந்து போனாள். அடுத்த நிமிஷம் ஒரு பிள்ளை வீறிட்டது.

"ஏ, யாருட்டி நீ? எம்புள்ள முதுகுல என்ன கைய விடுத? ஐயோ, புள்ள புடிக்கிறவ! புள்ள புடிக்கிறவ!"

விளக்கைப் போட்டார்கள். அதற்குள் நாலு பேர் அவளைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தன் செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறான். இன்னொருத்தன் அவள் கையை முறுக்கியிருந்தான். எத்தனை ஊரில் இப்படிச் சந்தேகப்பட்டே அடித்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். செண்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அவ என் பொண்டாட்டி! இது எங்க புள்ள! கைய விடுலே!" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்தேன்.

காவலாளி வந்து எல்லோரையும் வெளியே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் விளாத்திகுளத்துக்காரி, பெயர் வெயிலுகந்தம்மாள். மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். என் பெண்டாட்டி கைகூப்பினாள். முறுக்கின கை சிவந்திருந்தது.

"நான் தச்ச சட்டை அக்கா இது. புதியம்புத்தூருல தச்சது. இதுக்குள்ள ஊசி இருக்கோன்னு சந்தேகம். ராத்திரிப் பகலா நெனப்பு அதுலயே கெடக்கு. ஒரே ஒரு தடவ பாக்க விடுங்கக்கா."

வெயிலுகந்தம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கேட்டா காட்டியிருக்க மாட்டனா? இருட்டுலயா வந்து தடவுவ?" என்று திட்டிக்கொண்டே பிள்ளையைத் திருப்பி நிறுத்தினாள். ரிப்பன் பூவைப் பிரித்தார்கள். இடுப்புத் தையலை விரலால் நெருடிக்கொண்டே போனார்கள். இரண்டு பேர் தலையும் ஒன்றோடொன்று முட்டியது. ஊசி இல்லை.

கூட்டம் கலைந்தது. சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். என் பெண்டாட்டிக்கு நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை. அப்படியென்றால் வேறு எந்தப் பிள்ளை மேலோ அது இருக்கிறது என்று அவள் கண் அப்போதே வாசல் பக்கம் அலைந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரே கேட்கும்படி கத்தினேன். "போதுமாட்டி? மானம் மரியாதை எல்லாம் போச்சு! இனிமே ஊசின்னு வாயத் தொறந்த, நடக்கதே வேற!" தோளில் கிடந்த செண்பா நெளிந்தாள், கீழே வழுக்கினாள், இடுப்பைச் சொறிந்தாள். "நீ ஒருத்தி! ஒரு நிமிஷம் சும்மா நிக்க மாட்டியா?" என்று அவள் மேல் கையை ஓங்கினேன்.

"அண்ணே, புள்ளைய ஏன் அடிக்கப் போறீய?" வெயிலுகந்தம்மாள் என் கையைத் தட்டிவிட்டாள். "அது என்ன இப்படி நெளியுது?"

என் பெண்டாட்டிதான் பதில் சொன்னாள். "நெட்டுத் துணிதான்க்கா. அரிக்கும்."

"எம்புள்ளயும் அதே சட்டைதான போட்டிருக்கு? அவ ஒண்ணும் நெளியலையே."

சுடலைச்செல்வியின் முகத்தில் அந்த நிமிஷம் ரத்தம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். எனக்குப் புரிவதற்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. செண்பாவை இழுத்து, ஃபிராக்கைப் புரட்டி, நெட்டுக்கும் உள்துணிக்கும் நடுவில் கையை விட்டாள். பூவுக்குக் கீழே, இடுப்புத் தையலின் மடிப்புக்குள் வழுக்கி இறங்கி, அங்கேயே படுத்துக் கிடந்தது. பூவை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும்? வெளியே எடுத்தபோது வெயிலில் அதன் நீலத் தலை பளிச்சென்று தெரிந்தது.

பிள்ளையின் இடுப்பில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். உட்காரும்போதெல்லாம் குத்தியிருக்கிறது. பாவி மகள், அவளுக்குத் தெரிந்த வார்த்தையில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

என் பெண்டாட்டி அந்த முற்றத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஊசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயிலுகந்தம்மாள் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்து, தானே செண்பாவின் இடுப்பில் தடவிவிட்டாள்.

"நல்லவேள, ஒம்புள்ள மேலயே இருந்துச்சு, விடு," என்று அவள் சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் சுடலைச்செல்விக்கு அழுகை வெடித்தது.

செண்பா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், ஒரு தடவை அம்மா பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நான் ஒண்ணுமே பாக்கல. மொதல்ல இருந்து பாப்பமா?"